தொடங்கிய கோட்டில் நின்ற புள்ளி

திபிலீசியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் இரவு இரண்டு மணிக்கு வரும்,
நான்குக்குப் போய்விடும்.
சில இரவுகள் வழி தவறிவிடும்.

நத்தேலாவிடம் நான்கு கிலோ இலை இருந்தது.
நித்தியகல்யாணிக்குக் குளிர்தேசத்தில் ஒரு தங்கை உண்டு,
தரையோடு படர்ந்து ஊதாவாய்ப் பூக்கும்.
அதன் இலை.
மே மாதம், பூ உதிர்வதற்குள்,
ககேத்திச் சரிவில் குனிந்து குனிந்து பறித்தது.
அப்போது பேருந்து ஓடிக்கொண்டிருந்தது.

இடித்துச் சலித்து அம்மோனியாவில் பிசைந்தாள்.
இலைக்குள் ஏதோ ஓர் அமிலத்தின் கையைப்
பற்றிக்கொண்டிருப்பதை
அம்மோனியாதான் விடுவிக்கும்.
பிறகு ஈதர்.

ஈதர் இருக்கும் அறையில் நெருப்பு ஆகாது.
தரையோடு தவழ்ந்து போய்
எட்டடி தள்ளியிருக்கும் சுடரையும் தொட்டுத் திரும்பும்.
ஆகவே மெழுகுவத்தி மூன்று கதவு தாண்டி, நடைவழியில்.
ஆய்வகத்தில் இருட்டு.
குடுவையின் கழுத்தை விரல்தான் கண்டது.
இரண்டு நீர்மங்கள் பிரியும் எல்லையை
ஜன்னல் பனியின் வெளிச்சத்துக்கு உயர்த்திப்
பார்த்துப் பார்த்து இறக்கினாள்.
மூலையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்,
மூன்று கோட்டுகளைச் சுமந்துகொண்டு.

வாஜா வந்தான்.
"ஆல்கஹால் எவ்வளவு மிச்சம்?"
"இரண்டு லிட்டர்."
"ஒன்றுக்கு ஆறு லிட்டர் மண்ணெண்ணெய் தருகிறான்,
ரயிலடிச் சந்தையில்."
அளவு உருளையில் ஊற்றினாள்,
கண்ணை வளைகோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி,
ஒரு துளி கூடாமல் குறையாமல்.
பதிவேட்டில் எழுதினாள்: ஆவியானது.

அலுமினா நிரப்பிய குழாயில்
சாறு சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
பூமி இழுப்பதற்கு மட்டும்
யாரும் மின்சாரம் கேட்பதில்லை.
நாற்பத்தொரு சோதனைக் குழாய்கள்.
ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டு,
கண்ணாடித் தகட்டில் பென்சில் கோட்டின் மேல்.
கரைப்பான் ஏறியது, பொட்டுகளும் ஏறின,
அவரவர் மூச்சுக்கு ஏற்ற உயரம் வரை.
பிஸ்மத் கரைசலைத் தெளித்தாள்.
மஞ்சள் பரப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் எழவேண்டும்.
நடைவழிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால்
எல்லாமே மஞ்சள்.
மெழுகுவத்திக்கு அந்த இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

விடியும்வரை தகட்டைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள்.
ஏழரைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு காலை வந்தது.
மங்குவதற்குள் புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் வேலி போட்டாள்.
ஐந்து. அவற்றுள் ஒன்று பெரிது.

அந்தப் பெரியதைச் சேர்த்து வடித்து
மிச்ச ஆல்கஹாலில் கரைத்து,
உள்ளங்கைச் சூட்டில் உருட்டி
ஜன்னலுக்கு வெளியே பனியில் நட்டுவைத்தாள்.
குளிர்சாதனப் பெட்டி செத்திருந்தாலென்ன,
ஊரே குளிர்சாதனப் பெட்டி.
மூன்றாம் நாள் ஊசிகள்.
வெள்ளை, மயிரிழைக் கனம்.
முப்பத்தெட்டு மில்லிகிராம்.

சந்தை மண்ணெண்ணெயில் அடுப்பு.
பாரஃபின் சூடேற,
ஊசிகள் அடைத்த நுண்குழாயையே பார்த்தபடி
இருவரும் மூச்சை அடக்கினார்கள்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் உருகியது.
நூலகத்தில் கையுறையோடு பக்கம் புரட்டினாள்.
அதே இலை, அதே பாகை.
யாரோ, அவள் பிறப்பதற்கு முந்தைய வருடம்,
கணப்பு எரியும் ஏதோ ஒரு நகரத்தில்.

"போகட்டும்" என்றான் வாஜா.
அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான்கு புள்ளிகள் ஏறியிருந்தன.
ஐந்தாவது
தொடங்கிய கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது,
எந்தக் கரைப்பானோடும் போக மனமில்லாமல்.

சாறு போன இலைச்சக்கை மூலையில் சாக்கில் கிடந்தது.
"அடுப்புக்கு ஆகும், நன்றாய் எரியும்" என்று
வாஜா சாக்கின் வாயைப் பிடித்தான்.
"தொடாதே. ஈதர் இன்னும் இருக்கிறது."

ஈதர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.
அவனுக்கும் மூக்கு உண்டு.
சாக்கின் வாயை மறுபடி கட்டினான்,
இரண்டு முடிச்சு.